அன்னத்துக்குள் இருந்த கார்

1

இந்த ஊரில் என்னை எலி என்று கூப்பிடுகிறார்கள்.

குற்றம் அவர்களுடையது அல்ல. கல்யாணமாகி இங்கே வருவதற்காகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்பாவின் பெயரை எழுதிவிட்டேன். அன்றிலிருந்து திண்டிவனம் ஏழுமலையின் மூத்த மகள் மங்கை, இங்கிலாந்து அரசாங்கத்தின் கண்ணில் மிஸ்ஸஸ் ஏழுமலை. ழகரம் இவர்கள் வாயில் நுழையவில்லை. எலுமலாய் ஆனேன். நான் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் பல் மருத்துவமனையில் அதுவும் நீளமாகத் தோன்றியது. இப்போது டாக்டரம்மா காலையில் வந்ததும் மிகுந்த பிரியத்தோடு, "எலி டியர், முதல் பல் வந்துவிட்டதா?" என்று கேட்கிறார்.

போன வாரம் இதே எலியைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி ஆள் விட்டார்கள். என் மகள் கயல் வகுப்பில் எழுந்து நின்று, தன் குடும்பத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லியிருக்கிறாள். "என் சித்தப்பாவை ஒரு வாத்து கடத்திக்கொண்டு போனது. வாத்தை ஓட்டியவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்."

ஆசிரியை கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் எல்லாம் நலம்தானா என்று மிக மெதுவான குரலில் கேட்டார். நான் சிரித்தேன். சிரித்ததையும் குறித்துக்கொண்டார்.

தப்பு என்னுடையதுதான். அந்தக் கதையைக் கயலுக்கு ஆங்கிலத்தில் சொன்னபோது அன்னத்துக்கு இங்கிலீஷ் சட்டென்று வரவில்லை. வாத்து என்று சொல்லிவைத்தேன். தமிழில் சொல்லியிருக்கலாம். ஆனால் தமிழில் நான்கு வாக்கியத்துக்கு மேல் போனால், "அம்மா, சாதாரணமா பேசு" என்கிறாள். அவளுக்குச் சாதாரணம் என்றால் ஆங்கிலம்.

ஆசிரியையிடம் முழுதாக விளக்க முடியவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்பு என் தங்கை செல்வியின் கல்யாணத்தில் நடந்தது இது.

2

நார்மன் பெட்டிஃபோர்ட் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் பெயர். அறுபதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கொக்கு மாதிரி உயரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார்ச் சங்கத்துக்குப் போவார். சங்கம் என்றால் கட்டடம் இல்லை. நனைந்த புல்வெளியில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி, பிளாஸ்கில் தேநீர் வைத்துக்கொண்டு, மழையில் நின்று ஒருவர் காரை ஒருவர் பார்ப்பார்கள். அவ்வளவுதான் சங்கம்.

அந்தச் சங்கத்தில் பழைய கார் இல்லாத ஒரே ஆள் பெட்டிஃபோர்ட். அவரிடம் இருந்தது ஒரு சண்டை மட்டும்.

அவருடைய அப்பா வாலிபத்தில் 'தோர்ன்பி' என்ற பந்தயக் கார்ப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அந்தக் கம்பெனி ஒரு புது மாதிரிப் பந்தயக் காரை உருவாக்க, வெள்ளோட்டத்துக்கென்று இரண்டு வண்டிகள் செய்தது. பிறகு மூடிப் போனது. ஒன்று காட்சிசாலையில் இருக்கிறது, மற்றது எரிந்துவிட்டது. உலகம் அறிந்தது இவ்வளவு. பெட்டிஃபோர்டின் அப்பா மட்டும் சாகும்வரை, "மூன்றாவது ஒன்று செய்தோம். என் கையால் செய்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூன்றாவதில் ஒரு கோளாறு. ஆக்சிலேட்டரைக் கடைசிவரை அமுக்கினால் அது கீழேயே மாட்டிக்கொள்ளும், மேலே வராது. ஓட்டியவர்கள் ஏற மறுத்ததால் யாரோ ஒரு தோட்ட முதலாளி தலையில் கட்டி இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்களாம். சங்கத்தில் இதை ஒருவரும் நம்பவில்லை. கிழவர் கற்பனை என்றார்கள்.

இதெல்லாம் எனக்கு முதலில் தெரியாது. ஒருநாள் அவரைத் தேநீருக்குக் கூப்பிட்டு, பெரியப்பா மகன் கல்யாண ஆல்பத்தைக் காட்டினேன். இந்த ஊரில் யாராவது தேநீருக்கு வந்தால் ஆல்பம் காட்டாமல் அனுப்ப எனக்கு மனம் வராது. மாப்பிள்ளை அழைப்புப் படம் வந்தது. பிளைவுட்டில் செய்த பெரிய வெள்ளை அன்னம், சிவப்பு மூக்கு, கண்ணுக்குப் பல்பு. அதன் நடுவில் மாலையோடு எங்கள் அண்ணன்.

பெட்டிஃபோர்ட் அண்ணனைப் பார்க்கவில்லை. இறக்கைக்குக் கீழே தெரிந்த சக்கரத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தேநீர் ஆறிப் போனது.

"இந்தப் பறவைக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"கார்" என்றேன்.

"என்ன கார்?"

"அன்னம் கார்."

எனக்கு அதற்குமேல் தெரியாது. திண்டிவனத்தில் யாருக்கும் தெரியாது.

அடுத்த மாதம் செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் வீட்டுக்காரருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. பெட்டிஃபோர்ட் அழைப்பே இல்லாமல் விசா வாங்கி வந்து நின்றார். பெரியவர்களிடம் தமிழில் பேசுவதுதான் மரியாதை என்று நான் எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் பாடமும் கேட்டார். வாங்க, போங்க, உட்காருங்க, எழுந்திருங்க. விமானத்தில் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவர் ழகரத்தை நான் திருத்தவில்லை. எனக்குத் தூக்கம்.

3

வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா கேட்டார். "தொர பேரு இன்னா?"

"பெட்டிஃபோர்ட்."

"பெட்டி போடா? துணிக்கா?"

"இல்லப்பா, பேரே அதான்."

சொல்லி என்ன பயன். கல்யாணத்துக்கு இஸ்திரிப் பெட்டி போட லண்டனிலிருந்து வெள்ளைக்காரர் வந்திருக்கிறார் என்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் கசங்கிய சட்டை இரண்டை எடுத்துவந்து தயங்கித் தயங்கி நீட்டினார். பெட்டிஃபோர்ட் இது ஊர் வழக்கம் என்று எண்ணி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்து நன்றி சொன்னார். மறுநாள் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். எதிர்வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது அவரையே பார்த்துக்கொண்டு போனார்.

அன்னத்தின் சொந்தக்காரர் கண்ணாயிரம். பந்தல், நாற்காலி, சீரியல் விளக்கு, ஜெனரேட்டர், ஊர்வலக் கார் எல்லாம் வாடகைக்கு விடுபவர். வானூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து பங்களாவில் இந்தக் காருக்குள் கோழி அடைத்து வைத்திருந்தார்களாம். அவருடைய அப்பா ஒரு ஜெனரேட்டரைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துவந்தார். கோழி வாசம் போக ஒரு வருஷம் ஆனது என்றார்.

கொட்டகையில் பெட்டிஃபோர்ட் வேட்டியை மடித்துக் கட்டி, பூதக்கண்ணாடியோடு அன்னத்தின் வயிற்றுக்கு அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரத்துக்குக் காலிரண்டும் மட்டும் தெரிந்தன. நான் மொழிபெயர்ப்பதற்காகக் குந்தி உட்கார்ந்திருந்தேன்.

"அடிச்சட்டம் தோர்ன்பிதான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "சக்கரக் குமிழ் தோர்ன்பிதான். ஆனால் இதெல்லாம் மற்ற இரண்டு வண்டிகளிலும் உண்டு. இதே கம்பெனி விற்ற சாதாரண வண்டியிலும் உண்டு."

"இன்னா சொல்றாரு?" என்றார் கண்ணாயிரம்.

"கார் தோர்ன்பியாம்."

"தோரணம்பியா? அதாரு?"

பெட்டிஃபோர்ட் வெளியே வந்து, இறக்கைக்குப் பின்னால் நகத்தால் மெல்லச் சுரண்டினார். வெள்ளைக்கு அடியில் ரோஜா நிறம். ரோஜாவுக்கு அடியில் வெள்ளி. வெள்ளிக்கு அடியில் அவர் தேடிய கரும்பச்சை. அவர் முகம் மலர்ந்தது.

"சார், சார், பெயிண்ட சொரண்டாதீங்க! நாளைக்கு நிச்சயதார்த்தம் ஒண்ணு கீது" என்று கண்ணாயிரம் பதறினார். "ஏம்மா, சொல்லும்மா! அவருக்கு வோணும்னா ஒரு பலவைக்கு பெயிண்ட் அடிச்சித் தர்றேன், ஒக்காந்து சொரண்டட்டும்."

கடைசியாக மூன்று பெடல்களையும் பார்த்தார். அந்தக் காலத்து ஆங்கிலப் பந்தயக் கார்கள் பலவற்றைப் போல இதிலும் நடுவில் இருந்தது ஆக்சிலேட்டர். பிரேக் வலது ஓரம். "இதைக் கடைசிவரை அமுக்கிப் பார்க்க வேண்டும்" என்றார். "என் அப்பா சொன்னது உண்மையானால் அது அங்கேயே நிற்கும். வேறெந்த வண்டியும் அப்படிச் செய்யாது. எஞ்சினோடு, பாரத்தோடு, ஓட்டத்தில் அமுக்க வேண்டும். நிறுத்தி வைத்து அமுக்கினால் மாட்டாது."

நான் மொழிபெயர்த்தேன். கண்ணாயிரம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"வோணாம்மா. நடு பெடல நான் தொட்டதே இல்ல. எங்கப்பாரும் தொட்டதில்ல. கிளட்ச வுட்டா அதுபாட்டுக்கு மாடு மாதிரி நடக்கும். ஊர்வலத்துக்கு அது போதாதா? பிரேக்கே கெடையாதும்மா வண்டிக்கு! நிறுத்தணும்னா டயருக்கு அடியில கட்டைய போடுவேன்."

மாப்பிள்ளை அழைப்புகளில் மனிதர் நடக்கும் வேகத்துக்கு மேல் போகாமல் அந்தப் பந்தயக் கார் தன் ஆயுளில் பாதியைக் கழித்திருந்தது. பெட்டிஃபோர்ட் எவ்வளவோ கெஞ்சினார். கண்ணாயிரம் கேட்கவில்லை. அன்று சாப்பாட்டில் பெட்டிஃபோர்ட் அப்பளத்தைக்கூடத் தொடவில்லை.

4

மாப்பிள்ளை குணசேகரன் விழுப்புரத்துக்காரர். கூட்டுறவு வங்கியில் எழுத்தர். நல்ல மனிதர், ஆனால் வேகம் என்றால் பயம். சைக்கிளில் போகும்போது எதிரே மாடு வந்தால் இறங்கி ஓரமாக நின்று, மாடு போன பிறகுதான் ஏறுவார் என்று செல்விக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"அக்கா, மாட்டுக்கு வணக்கம் கூட வெப்பாராம்" என்று என்னிடம் சொன்னாள். சிரிக்கவில்லை. "அவுங்க அப்பா முன்னாடி ஒக்கார்றதே இல்லியாம். எந்நேரமும் நின்னுக்கினே இருப்பாராம். இவரோட நான் எப்பிடிக்கா காலந்தள்ளுவேன்?"

நானே ஒரு ஆளைப் புகைப்படத்தில் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போனவள். சரியாகிவிடும் என்றேன். இங்கிலாந்தில் பல் பிடுங்க வருகிறவர்களிடம் சொல்வதும் அதே வார்த்தைதான்.

அழைப்பு அன்று மாலை பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம். மாப்பிள்ளையின் அப்பா கந்தசாமி, விழுப்புரத்திலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். பட்டுச் சட்டை, தோளில் ஜரிகைத் துண்டு. அன்னத்தைச் சுற்றி வந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற பெட்டிஃபோர்டைப் பார்த்தார். அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

"சம்மந்தி! கார தொரையே ஓட்டட்டும். வெள்ளக்காரன் ஓட்டி எம்புள்ள வந்தான்னு விழுப்புரத்துல பேசணும்."

அப்பா என்னைப் பார்த்தார். கண்ணாயிரம் என்னைப் பார்த்தார். நான் பெட்டிஃபோர்டைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் எல்லோரும் ஓட்டுநர் இருக்கையைக் காட்டியது புரிந்தது. குழந்தைக்குப் பண்டிகை வந்த மாதிரி ஓடிப்போய் உட்கார்ந்தார்.

"இவர் வேணாங்க, பேஜாராய்டும்" என்றார் கண்ணாயிரம்.

"பொண்ணு வூட்டுக்காரங்க இதுகூடச் செய்ய மாட்டீங்களா?" என்றார் கந்தசாமி.

அதற்குமேல் யார் பேசுவது? கண்ணாயிரம் குனிந்து பெட்டிஃபோர்டின் முகத்துக்கு எதிரே விரலை ஆட்டினார். "நடு பெடல் நோ டச். சார். நோ டச்."

"நான் சத்தியம் செய்கிறேன்" என்றார் பெட்டிஃபோர்ட். உண்மையாகத்தான் சொன்னார். பாவம், அவருக்குப் பொய் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாவி எப்போதோ தொலைந்துவிட்டதால் இடது இருக்கைக்கு அடியில் இரண்டு ஒயரை முறுக்கித்தான் காரைக் கிளப்புவார் கண்ணாயிரம். பிரித்தால் நின்றுவிடும். கிளப்பிவிட்டு, ஒயர்களுக்கு மேல் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, வெல்வெட் விரித்து, அதன்மேல் மாப்பிள்ளையை உட்கார வைத்தார். உயரமாகத் தெரிய வேண்டுமல்லவா.

5

நாயனக்காரர்கள் முன்னால். அவர்களுக்குப் பின்னால் அன்னம். இரண்டு பக்கமும் தலையில் டியூப்லைட் சுமந்த பெண்கள். நான் வரிசைத் தட்டோடு பின்னால் நடந்தேன். அன்னம் மாடு மாதிரியே நடந்தது. பெட்டிஃபோர்ட் மகாராஜா போல இரண்டு பக்கமும் தலையசைத்தார்.

கடைத்தெரு முனையில் ஒரு நாய் குறுக்கே வந்தது.

நாற்பது வருஷமாக மற்ற கார்களை ஓட்டிய கால், யோசிக்காமல் நடு பெடலை மிதித்தது. பிரேக் என்று நினைத்து, கடைசிவரை.

நான் அதுவரை கேட்டிராத சத்தம். நூறு தையல் மிஷினும் ஒரு யானையும் சேர்ந்து கத்திய மாதிரி. நாய் தப்பித்தது. நாயனக்காரர்கள் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஜவுளிக்கடைக்குள் பாய்ந்தார்கள். தவில்காரர் மட்டும் பாய்ந்த இடத்திலும் இரண்டு அடி அடித்துவிட்டார், கை பழக்கம். ஒரு பல்லி சுவரில் மறைகிற நேரத்துக்குள் அன்னம் மரக்காணம் சாலைப் பக்கம் திரும்பிக் காணாமல் போய்விட்டது. சாலையில் ஒரு மாலை கிடந்தது.

அப்பா குனிந்து அந்த மாலையை எடுத்தார். பிறகு கந்தசாமி அலறினார். "எம்புள்ள எங்கடா?"

உள்ளே நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குப் பிறகு சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெடல் மேலே வரவில்லை. பெட்டிஃபோர்ட் காலை எடுத்துவிட்டார்; பெடல் அங்கேயே கிடந்தது. அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை. "அப்பா!" என்று கத்தினாராம். குணசேகரன் அதைக் கேட்டுத் தானும் "அப்பா!" என்று கத்தினார். அவர் கூப்பிட்டது விழுப்புரம் கந்தசாமியை.

கியரை நியூட்ரலில் போட்டிருக்கலாமே என்று நான் கேட்டேன். "அந்த வேகத்தில் பாரம் இல்லாமல் விட்டால் எஞ்சின் சிதறிவிடும்" என்றார் பெட்டிஃபோர்ட், என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்து. முதல் கியரில் எஞ்சின் கதறுவதைப் பொறுக்க முடியாமல் இரண்டாவதற்கு மாற்றினார். பிறகு மூன்றாவதற்கு. எஞ்சின் மேல் இருந்த இரக்கத்தால் வண்டி மேலும் மேலும் பறந்தது. குனிந்து பெடலைத் தூக்கலாம் என்றால் அன்னத்தின் கழுத்து நெஞ்சுக்கு நேரே நின்றது.

ஒரே வழி, ஒயரைப் பிரிப்பது. ஒயர் மாப்பிள்ளைக்குக் கீழே. மாப்பிள்ளை எழ வேண்டும். இந்த இடத்தில்தான் மனிதருக்கு மரியாதை ஞாபகம் வந்தது. பெரியவர்களிடம் தமிழ் பேச வேண்டும் என்றால் மாப்பிள்ளையிடம் எவ்வளவு பேச வேண்டும்! திரும்பி, உரத்த குரலில், தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"இறந்திருங்க! சார், இறந்திருங்க!"

எழுந்திருங்க என்றுதான் அவர் நினைப்பு.

"தயவு செய்து இறந்திருங்க!"

குணசேகரன் அன்னத்தின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு பெட்டியோடு பெட்டியாக அழுந்திவிட்டார்.

6

அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். கல்யாணமே நின்றுவிடும் என்ற பயத்தில் அவருக்கு வாய் குழறியது. அங்கே இருந்த ஏட்டு நிதானமானவர்.

"வண்டி நம்பர்?"

"தெரியலிங்க. வாலு மறைக்கும்."

"வாலா? சரி, கலரு?"

"வெள்ளங்க. மூக்கு செவப்பு."

"யோவ், வண்டிக்கு அடையாளம் கேக்கறேன்."

"றெக்க இருக்குங்க."

ஏட்டு பேனாவை மூடி வைத்துவிட்டு, "வூட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா இட்டுக்கினு வாங்க" என்றார். அப்பாவுக்கு அப்போது வயது அறுபத்தி ஒன்று.

நான் அதற்குள் கண்ணாயிரத்தின் மொபெட்டில் பின்னால் ஏறிவிட்டேன். பட்டுப் புடவை, வைர மூக்குத்தி, கையில் இன்னும் வரிசைத் தட்டு. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"ஜல்தியா போங்கண்ணே!"

"இதாம்மா ஜல்தி. இதுக்கு மேல போனா இதுவும் போய்டும்."

வழியில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்து முடித்துக் கரையேறிய பெண்கள் சாலையோரம் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கார் போச்சாம்மா?" என்று கத்தினேன்.

"காரு போவல" என்றாள் ஒருத்தி. "அன்னம் ஒண்ணு போச்சு. மேல மாப்ள ஒருத்தரு கண்ண மூடிக்கினு போறாரு. பக்கத்துல ஒரு வெள்ளக்காரரு அழுதுக்கினே சிரிச்சிக்கினு போறாரு. ஒரு றெக்க எங்க கொல்லையில வுழுந்துச்சி. வோணுமா?"

"திரும்பி வரும்போது எடுத்துக்கறேன்" என்றார் கண்ணாயிரம், குரல் உடைந்து.

பெருமுக்கல் மலை தெரிந்த இடத்தில் அன்னம் நின்றிருந்தது. கண்ணாயிரம் ஊர்வலத்துக்குத் தேவையானதற்கு மேல் ஒரு சொட்டு பெட்ரோல் ஊற்றும் ஆள் இல்லை. அந்தச் சிக்கனம்தான் இரண்டு உயிரைக் காப்பாற்றியது. அன்னத்துக்கு ஒரு இறக்கை இல்லை, தலை பின்பக்கம் திரும்பியிருந்தது. கண் பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். தலைமுடி முழுக்கப் பின்னால் போய் நின்றிருந்தது.

"அடி ஒண்ணும் படலியே?" என்றேன்.

"இல்லீங்க அண்ணி." கொஞ்சம் யோசித்தார். "எதுர்ல மாடு வந்திச்சி. நாலஞ்சி மாடு. எல்லாம் எறங்கி ஓரமா நின்னுதுங்க." மறுபடியும் யோசித்தார். "ஆமா, அவரு ஏன் என்ன சாவச் சொன்னாரு? இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா வெவரம் புரிஞ்சிருக்கும்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு மல்லாட்டையை வாயில் போடப் போனவர் நிறுத்தி, சிரிக்க ஆரம்பித்தார். அதுவரை அந்த மனிதர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பெட்டிஃபோர்டைக் காணோம். காருக்குள் பார்த்தேன். தலையைக் கீழே விட்டு, நீளக் கால்கள் இருக்கைக்கு மேல் தெரிய, உள்ளே கிடந்தார்.

"எலி, கேள்" என்றார். கையை அடியில் கொடுத்துப் பெடலைத் தூக்கி, முட்டியால் பக்கத்தில் ஒரு இடி இடித்தார். 'டொக்' என்று பெடல் மேலே வந்தது.

"சாப்பாட்டு மேஜையில் அப்பா இந்தச் சத்தத்தை நாக்கால் செய்து காட்டுவார். நாங்கள் சிரிப்போம்." அவர் அதே இடத்தில், தலைகீழாக, நாக்கால் செய்தார். டொக். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பிறகு அவர் வெளியே வரவே இல்லை, வெகு நேரம். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் வரிசைத் தட்டில் இருந்த ஆரஞ்சுப் பழத்தில் ஒன்றை எடுத்து உள்ளே நீட்டினேன். கை வந்து வாங்கிக்கொண்டது.

7

நெல் மூட்டை ஏற்றிவந்த டிராக்டர் ஒன்று எங்களை இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பியது. கந்தசாமி வாசலிலேயே நின்றார். பஸ் இரண்டையும் திருப்பச் சொல்லியாகிவிட்டதாம். சகுனம் சரியில்லையாம். மாப்பிள்ளையைக் கொல்லப் பார்த்த வீட்டில் சம்பந்தம் வேண்டாமாம். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். செல்வி மணப்பெண் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குணசேகரன் அன்னத்திலிருந்து இறங்கினார். நேரே தன் அப்பாவிடம் நடந்தார். எல்லோரும் அவர் தலைகுனிந்து நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"எப்பா, தொரையே ஓட்டணும்னு சொன்னது நீதான்."

"டேய்—"

"ஒக்காருப்பா. நான் மரக்காணம் ரோட்ல எந்த வேகத்துல போய்ட்டு வந்துகீறேன் தெரியுமா? இனிமே யாரு கத்துனாலும் எனக்குக் காதுல வுழாது போலருக்கு. காலையில தாலி கட்டணும், ஜல்தியா சாப்புட்டுப் படுக்கலாம்."

கந்தசாமி உட்கார்ந்துவிட்டார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தது மாதிரி இல்லை. கால் ஓய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பஸ் டிரைவர்கள் எஞ்சினை நிறுத்தினார்கள்.

நான் கதவுக்குப் பின்னால் போனதும் செல்வி என் கையைக் கிள்ளினாள். "அக்கா, இவருதான் அவரா?" என்றாள். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு அவளை நான் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. அவளே முன்னால் போனாள்.

8

இங்கே திரும்பியதும் பெட்டிஃபோர்ட் சங்கத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். நாக்கால் டொக் என்று செய்தும் காட்டினாராம். பாதிப் பேர் நம்பினார்கள். பாதிப் பேர் பெடலை வைத்து எப்படி முடிவு செய்வது என்றார்கள். கடைசியில் சங்கத்துப் பத்திரிகையில் எங்கள் கல்யாணப் போட்டோகிராபர் எடுத்த படத்தையே போட்டார்கள். கீழே ஒரு வரி: "தோர்ன்பி, மூன்றாவது வெள்ளோட்ட வண்டியாக இருக்கலாம். அன்னம் பிற்காலச் சேர்க்கை." அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு, தன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். பள்ளி ஆசிரியையிடம் அடுத்த வாரம் அதைத்தான் கழற்றிக்கொண்டு போய்க் காட்டப் போகிறேன்.

கார் ஏன் இங்கே வரவில்லை என்று கேட்பீர்கள். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் கண்ணாயிரத்தின் கொட்டகைக்குப் போனோம். அவர் மல்லாட்டைக் கொல்லையில் விழுந்த இறக்கையைத் திரும்ப ஆணியடித்துக்கொண்டிருந்தார். பெடலுக்கு வேறு ஸ்பிரிங் போடப் போவதாகச் சொன்னதும் பெட்டிஃபோர்ட் துடித்துப் போனார். அந்தக் கோளாறு போனால் மூன்றாவது வண்டியே போய்விடும் என்றார். வெகு நேரப் பேச்சுக்குப் பிறகு, பெடல் கடைசிவரை போகாதபடி அடியில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைப்பது என்று முடிவானது. கனகச்சிதமாகப் பொருந்தியது.

அதன்பிறகுதான் பெட்டிஃபோர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, காரை விலைக்குத் தரச் சொல்லிக் கேட்டார். தன் வீட்டை விற்றாவது வாங்கத் தயார் என்றார்.

கண்ணாயிரம் சுத்தியலைக் கீழே வைத்தார். "வாங்கி இன்னா பண்ணுவாராம்?"

கேட்டேன். பெட்டிஃபோர்ட் கண் மின்னச் சொன்னார். நல்ல கொட்டகை ஒன்று கட்டுவாராம். தூசு படாமல் துணி போட்டு மூடி வைப்பாராம். வருஷத்துக்கு ஒருமுறை பளபளவென்று துடைத்து வெளியே எடுத்து, ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று கை தட்ட, மெதுவாக, மிக மெதுவாக ஊர்வலம் விடுவாராம்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். கண்ணாயிரம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதத்தாம்மா நான் மாசாமாசம் பண்ணிக்கினு கீறேன்" என்றார்.

அதையும் மொழிபெயர்த்தேன். பெட்டிஃபோர்ட் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். அன்னத்தை மூடி வைக்கும் துணியைப் பார்த்தார். அன்னத்தின் முதுகை ஒருதரம் தடவிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "அடுத்த கல்யாணம் என்றைக்கு என்று கேள், எலி" என்றார்.